ஒன்பதும் பூஜ்யமும்

ஜூன் 4

பூச்சிக்கு,

போனை நீ எடுக்கப் போவதில்லை என்று தெரிந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன். போன் என்றால் பாதியில் துண்டிப்பாய். கடிதத்தைக் கிழிக்கத்தான் முடியும். கிழிப்பதற்கு முன்னால் ஒரு தடவை படித்துவிடு.

ஞாயிற்றுக்கிழமை நான் செய்தது தப்பு. வீட்டுக்காரம்மா எதிரில் உன் கையைப் பிடித்துத் திருப்பி, "அது வந்துச்சா? உண்மையச் சொல்லுடி, வந்துச்சா?" என்று கத்தியிருக்கக் கூடாது. உன் தலைக்குள் கம்பி இருப்பதே அந்த அம்மாளுக்குத் தெரியாது என்று எனக்கு யார் சொன்னார்கள்? நீ சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொண்டு, "கிளம்புக்கா. இப்பவே கிளம்பு" என்றாய். பஸ்ஸில் ஏழு மணி நேரமும் அதே குரல்தான் காதில்.

ஆனால் பூச்சி, நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள். ஒரு நாளைக்கு அறுபது கைகளைப் பார்க்கிறேன். டீ கொட்டினால் வழிந்த தடம் இருக்கும். உன் முழங்கைக்குக் கீழே இருந்தது ஓரம் வெட்டினாற்போல ஒரு வட்டம். சூடான எதன் மேலோ கை கொஞ்ச நேரம் கிடந்திருக்கிறது. சுரணையோடு இருக்கிற யாரும் கையை அவ்வளவு நேரம் விட்டுவைக்க மாட்டார்கள்.

ஆபரேஷன் முடிந்து பதினான்கு மாதம் ஆகிறது. மாதா மாதம் "ஒண்ணுகூட வரலக்கா" என்கிறாய். பொய்யாக இருந்தால் என்னிடமாவது சொல். வந்து கூட்டிக்கொண்டு போகிறேன்.

அக்கா


ஜூன் 12

அக்காவுக்கு,

கிழிக்கவில்லை. கசக்கினேன், பிறகு நீவி விட்டேன்.

"வந்து கூட்டிக்கொண்டு போகிறேன்." இந்த வரியை மட்டும் மூன்று தடவை படித்தேன். மழை வந்தால் கொடித் துணியை எடுத்துப் போகிற மாதிரி எழுதியிருக்கிறாய். எனக்கு முப்பத்து மூன்று வயது. இங்கே எனக்கென்று ஒரு அறை, ஒரு சாவி, ஒரு வேலை. கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸை ஃபிரேமின் அளவுக்கு உரசுகிற சக்கரம் என்னுடையது. முதலாளி அந்தச் சக்கரத்தில் யாரையும் சும்மா உட்கார வைக்க மாட்டார். வலிப்பு இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகுதான் என்னை உட்கார வைத்தார்.

நீ வந்து போன நாளிலிருந்து வீட்டுக்காரம்மா, நான் குளிக்கப் போனால் வெளியே நின்று, "உள்ள நல்லாத்தானே இருக்கே?" என்று கேட்கிறார். உனக்கு ரொம்ப நன்றி.

கம்பி டாக்டரிடம் கேட்டுப் பார். மருத்துவமனையில் எல்லோருக்கும் நான் செல்லப்பிள்ளை. போன மாதம் அவர் தன் கம்ப்யூட்டரில் ஒரு படம் காட்டினார். மூளையை அடுக்குமாடிக் குடியிருப்பு என்று வைத்துக்கொள்ளச் சொன்னார். ஒரு வீட்டில் கதவு அடித்தால் வேறு எந்தெந்த வீட்டில் விளக்கு எரிகிறது என்று பார்ப்பதுதான் அவர் வேலையாம். எனக்கு ஒரு கதவு அடித்தால் மொத்தக் கட்டடமும் எழுந்துவிடுமாம், அதுதான் வலிப்பு. மூளையின் நடுவில் வைத்த கம்பி, விட்டு விட்டு மின்சாரம் கொடுத்து அந்தப் பழக்கத்தை மாற்றப் பார்க்கிறது. ஊசியில் ஏதோ ஏற்றி ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் ஸ்கேன் எடுத்தார்களே, அது மூளையில் சுரக்கிற டோபமின் என்ற ரசாயனத்தை அளக்க. "சந்தோஷத்துக்கான மருந்துன்னு சொல்றாங்களே, அதுவா சார்?" என்று கேட்டேன். "அவ்வளவு சுலபம் இல்லம்மா. அதைச் சொன்னவனை முதல்ல நான் பார்க்கணும்" என்று சிரித்தார்.

படத்தில் பன்னிரண்டு புள்ளிகள். ஒவ்வொன்றும் ஒரு நோயாளி. டோபமின் எவ்வளவு மாறியதோ, வலிப்பு அவ்வளவு குறைந்ததா என்று பார்க்கிறார்கள், அதற்குத்தான் புள்ளிகளுக்கு நடுவே மேலே ஏறுகிற ஒரு கோடு. மேல் மூலையில் தனியாக ஒரு புள்ளி. "இது நீங்க. மாசம் ஒன்பதுலேருந்து பூஜ்யம். உங்க புள்ளியை எடுத்தா இந்தக் கோடே படுத்துடும்மா" என்றார்.

நோயாளிகளின் குடும்பத்தாரைக் கூட்டியபோது என்னைத்தான் பேசச் சொன்னார்கள். சாவி செய்கிற ஒருவர் மனைவியோடு வந்திருந்தார். மாதம் இருபது தடவை வருகிறதாம் அவருக்கு. ஆபரேஷனுக்குப் பயம். அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நிஜமா ஒண்ணுகூட வரலியா?" என்று கேட்டார். "ஒண்ணுகூட இல்லீங்க" என்றேன்.

என் கையில் இருப்பது டீக் காயம்.

பூச்சி


ஜூன் 20

பூச்சிக்கு,

சரி. டீக் காயம்.

நீ எழுதிய எண்ணிக்கையைப் பார்த்தேன். மாதம் ஒன்பது என்பது யார் கணக்கு? மருத்துவமனையில் தனியாக ஏதாவது எண்ணினார்களா, அல்லது நான் எழுதிக் கொடுத்த நோட்டு மட்டும்தானா? சும்மா கேட்கிறேன். பதில் எழுதும்போது இதற்கும் எழுது.

இன்னொன்று சொல்ல நினைத்தேன். இப்போது வேண்டாம்.

களிம்பு அனுப்பியிருக்கிறேன். டீக் காயத்துக்கும் ஆகும்.

அக்கா


ஜூலை 1

அக்கா,

களிம்பு வந்தது. "டீக் காயத்துக்கும் ஆகும்" என்ற வரியைப் பார்த்துச் சிரித்தேன். பிறகு அழுதேன். அதற்குப் பிறகு மூன்று நாள் இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

டீ இல்லை அக்கா. பிளாஸ்டிக் ஃபிரேமை இளக்குவதற்குக் கடையில் ஒரு சூட்டுத் தட்டு உண்டு. அதன் மேல் கிடந்தது என் கை. நான் அங்கே இல்லை. திரும்பி வந்தபோது தோல் நாற்றம்தான் முதலில் தெரிந்தது. நல்லவேளை, அன்றைக்கு நான் சக்கரத்தில் உட்காரவில்லை.

நம்புவாயோ மாட்டாயோ, முதல் மூன்று மாதம் நான் சொன்னது நிஜம். அல்லது நிஜம் என்று நினைத்தேன். எனக்கு வருவதை நான் எப்படிப் பார்ப்பேன்? நீ பக்கத்தில் இருந்தவரை நீ பார்த்தாய், நீ எழுதினாய். இங்கே தடயம் மட்டும்தான் கிடைக்கிறது. நாக்கு ஓரத்தில் வலி. தரையில் தண்ணீர். எழுதிக்கொண்டிருந்த ரசீதில் நடுவே ஒரு கிறுக்கல். கடிகாரம் ஐந்து நிமிடம் தாண்டி நிற்கும்.

நாலாவது மாதம் முதல் தடயம். அன்றே மருத்துவமனைக்குச் சொல்லத்தான் நினைத்தேன். விவரம் கேட்கிற ஆய்வுக்காரப் பெண் போனில், "இந்த மாசமும் பூஜ்யம்தானே? டாக்டர் உங்களைப் பத்தித்தான் எல்லார்கிட்டயும் பேசறார்" என்றாள். அவள் குரலில் அவ்வளவு சந்தோஷம். "ஆமா, பூஜ்யம்தான்" என்று சொல்லிவிட்டேன். அடுத்த மாதம் இன்னும் எளிதாக வந்தது. இதுவரை எனக்குத் தெரிந்து பதினொன்று.

முன்னைக்கு இது எவ்வளவோ தேவலை. அதைச் சொல்லியிருந்தாலே எல்லோரும் மகிழ்ந்திருப்பார்கள். ஆனால் ஒன்று என்று சொன்னால் சக்கரம் போகும். சக்கரம் போனால் வேலை. வேலை போனால் பஸ் ஏறி உன் வீட்டுக்கு. உன் மேல் கோபமில்லாமல்தான் சொல்கிறேன், எனக்கு அங்கே திரும்ப முடியாது.

சாவிக்காரருக்கு ஜூலை 21ஆம் தேதி ஆபரேஷன். நேற்று அவர் மனைவி கடைக்கே வந்து, "நீங்க சொன்னதுக்கு அப்புறந்தான் இவர் சரின்னார்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் வாசல் வரை போய் வழியனுப்பினேன். திரும்பி வந்து கழிப்பறையில் உட்கார்ந்துகொண்டு, என் கன்னத்தில் நானே அறைந்துகொண்டேன்.

நீ கேட்டதற்குப் பதில்: அந்த ஒன்பது உன் நோட்டிலிருந்து எடுத்ததுதான். வேறு கணக்கு இல்லை. ஏன் கேட்டாய்?

என்ன செய்யட்டும், சொல்.

பூச்சி


ஜூலை 5

பூச்சிக்கு,

இதைச் செய் என்று உனக்குச் சொல்ல எனக்கு வாயில்லை. படி, புரியும்.

ஒன்பது இல்லை.

அந்த ஆய்வில் சேர மாதம் ஆறுக்குக் குறையாமல் வந்திருக்க வேண்டும் என்று படிவத்தில் போட்டிருந்தது. மூன்று மாதம் எண்ணி எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். ஜனவரியில் உனக்கு வந்தது ஐந்து. பிப்ரவரியில் நாலு. மார்ச்சில் ஐந்து. நான் எழுதியது ஒன்பது, எட்டு, பத்து. தேதி, நேரம், எந்த அறை, எவ்வளவு நேரம் நீடித்தது, எல்லாம் போட்டு எழுதினேன். ஒரே பேனாவில் எழுதினால் சந்தேகம் வரும் என்று பேனாவை மாற்றி மாற்றி எழுதினேன்.

இயந்திரத்தின் மேல் ஒரு சந்தேகம் வந்ததற்காக இருபத்திரண்டு பேரைத் திரும்ப வரவழைத்து ரத்தம் எடுத்தவள் நான். பரிசோதனைக் கூடத்தில் இன்றும் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிப் புதிதாய் வருகிறவர்களை மிரட்டுகிறார்கள்.

உன் நன்மைக்காகச் செய்தேன் என்று எழுதினால் நீ நம்புவாய். பாதி உண்மையும்கூட. மீதிப் பாதியைச் சொல்கிறேன். அம்மா போன பிறகு பதினெட்டு வருடம் நான் குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டதில்லை. நீ விழுந்தால் சத்தம் கேட்க வேண்டுமே என்று தண்ணீரை மெதுவாகத் திறந்துவிட்டுக் குளிப்பேன். ஆபரேஷன் முடிந்து நீ அங்கேயே தங்குகிறேன் என்று சொன்ன மறுநாள், தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு வாளி வாளியாக ஊற்றிக்கொண்டேன். பாட்டுக்கூடப் பாடினேன், பூச்சி. உன் தலையில் தையல் பிரித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

நீ போக வேண்டும் என்று ஆசைப்பட்டேன். உன்னை அனுப்பிவைக்கத்தான் ஒன்பது எழுதினேன். உன் கையிலிருந்த காயத்தைப் பார்த்ததும் நான் கத்தியது உனக்காக இல்லை. நான் எழுதிய எண்ணை நினைத்து வந்த பயம் அது.

அக்கா


ஜூலை 9

உன் கடிதத்தைப் படித்தேன்.

மண்டையைத் திறக்க நான் கையெழுத்துப் போட்டபோது நீ பக்கத்தில் நின்றாய். "ஒன்பதுன்னா ரொம்ப அதிகம்தான், செஞ்சுடலாம்" என்று நான் உன்னிடம் சொன்னேன். தலையாட்டினாய்.

நீ கேட்டிருந்தால் போயிருப்பேனே. "என்னால முடியலடி, நீ தனியாப் போய் இரு" என்று ஒரு தடவை சொல்லியிருக்கலாமே. அவ்வளவுதானே அக்கா, அதைச் சொல்லவா உனக்கு வாய் வரவில்லை?

எழுதாதே.


ஜூலை 14

பூச்சிக்கு,

எழுதாதே என்றாய். இது ஒன்றை மட்டும் எழுதிவிட்டு நிறுத்துகிறேன், ஏனென்றால் உனக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்திருக்கிறேன்.

நேற்று உன் ஊருக்கு வந்தேன். உன்னைப் பார்க்க வரவில்லை. கம்பி டாக்டரைப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். பிளாஸ்டிக் நாற்காலியில் மூன்று மணி நேரம் காத்திருந்த பிறகு கூப்பிட்டார்கள். அவர் எழுந்து, "வாங்கம்மா, உங்க தங்கச்சியாலதான் எங்களுக்குப் பேரு" என்றார். உட்காரவே எனக்குக் கூசியது. நின்றுகொண்டே சொன்னேன். உண்மையான எண்களை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போயிருந்தேன், அதைக் கொடுத்தேன்.

அவர் திட்டுவார் என்று தயாராகப் போனேன். திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "உங்க தங்கச்சி மண்டையில நான் ரெண்டு ஓட்டை போட்டது இந்த எண்ணை நம்பித்தாம்மா" என்றார். அதற்குப் பதில் அவர் திட்டியிருக்கலாம்.

"உண்மையை எழுதியிருந்தா செஞ்சிருக்க மாட்டீங்களா சார்?" என்று கேட்டேன். "இந்த ஆய்வுல சேர்த்திருக்க மாட்டேன். வெளியில, சிகிச்சையா, பின்னாடி செஞ்சிருக்கலாம். செய்யாமலும் இருந்திருக்கலாம். இனிமே அது யாருக்கும் தெரியாது" என்றார். பிறகு, "நல்லவேளை பூஜ்யமாவது நிஜம்" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை பூச்சி. அது நீ சொல்ல வேண்டியது. ஆனால் பொய் சொல்ல என்னாலும் ஆகவில்லை. அவருக்குச் சந்தேகம் வந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

சாவிக்காரரின் தேதிக்கு ஒரு வாரம் இருக்கிறது.

அக்கா


ஜூலை 24

அக்காவுக்கு,

உன் மேல் கோபம் போகவில்லை. போய்விடும் என்றும் எழுத மாட்டேன். தெரியாததை எழுதுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்றே டாக்டரிடம் போனேன். தடயங்களின் தேதிகளை எழுதி எடுத்துக்கொண்டு போனேன். பதினொன்றும் அதில் இருந்தன. அவர் வாங்கிப் படித்தார். கம்ப்யூட்டரைத் திறந்து, எனக்கெதிரிலேயே மேல் மூலைப் புள்ளியை எடுத்தார். அவர் சொன்ன மாதிரியே கோடு படுத்துவிட்டது. அடுத்த மாதம் ஒரு பெரிய கூட்டத்தில் அதைப் பற்றிப் பேச இருந்தாராம். போனை எடுத்து, வரவில்லை என்று சொன்னார். "வாயால சொன்னதை மட்டும் கேட்டு எழுதிக்கிட்டது எங்க தப்பும்தான்" என்றார். "உங்களுக்குக் கம்பி உதவியிருக்கு. அஞ்சுலேருந்து ஒண்ணு, ஒண்ணரைன்னு தோணுது. ஆனா தோணுதுன்னுதாம்மா சொல்ல முடியும்."

முதலாளியிடமும் சொன்னேன். "சக்கரத்துல உன் கை போயிருந்தா நான் யாருக்கும்மா பதில் சொல்றது?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். வேலையை விட்டு அனுப்பவில்லை. முன்னால் உட்கார்ந்து திருகாணி முடுக்குகிறேன், மூக்குப் பட்டை மாற்றுகிறேன். கடையில் வேலை செய்கிற மற்ற இருவரும் என்னிடம் பேச்சைக் குறைத்துவிட்டார்கள்.

கடைசியாகச் சாவிக்காரர் வீடு. அதற்குத்தான் கால் வரவில்லை. இரண்டு தடவை தெருமுனை வரை போய்த் திரும்பினேன். மூன்றாவது தடவை அவர் மனைவியே பார்த்துவிட்டு, "என்னங்க, வழி தெரியலியா?" என்று கூப்பிட்டார். வாசலில் நின்றே சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் முகம் வெளுத்துப் போனது. "ஒண்ணுகூட வராதுன்னு நாங்க எப்பங்க கேட்டோம்? இருபது பத்தானாலே கும்பிடுவோம். உள்ளதைச் சொல்லியிருந்தாலும் இவர் சரின்னுதான் சொல்லியிருப்பார். என் கையைப் பிடிச்சுக்கிட்டு எப்படிங்க உங்களுக்குப் பொய் வந்துச்சு?" என்றார்.

உள்ளேயிருந்து அவர், "விடு. பூட்டு திறக்காதுன்னு சொன்னாத்தான் நான் பயப்படுவேன். கொஞ்சம் ஆட்டித் திறக்கணும்னா, அது நம்ம தொழில்தானே" என்றார். மனைவி சிரிக்கவில்லை. ஒரு நாள் அவகாசம் கேட்டார்கள். டாக்டரைப் பார்த்து எல்லாவற்றையும் மறுபடி கேட்டார்கள். பிறகு, ஆபரேஷன் நடக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள். அந்த அம்மாள் கடைக்கு வந்து என்னிடம், "இருபத்தொண்ணாம் தேதி நீங்களும் வந்து உட்காருங்க. எங்களை இவ்வளவு தூரம் கொண்டுவந்து விட்டீங்கல்ல, வந்து உட்காருங்க" என்றார். அது அழைப்பா தண்டனையா என்று எனக்குத் தெரியவில்லை. போனேன்.

காத்திருக்கிற கூடத்தில் முப்பது பேர் இருந்தார்கள். நாங்கள் இருவரும் அடுத்தடுத்த நாற்காலி. அந்த அம்மாள் பையை மடியில் வைத்துக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினொன்றரை மணிக்குக் கடிகாரத்தைப் பார்த்தது ஞாபகம். பிறகு பார்த்தபோது அந்த அம்மாளின் கை என் தோளில் இருந்தது. எதிர் வரிசையில் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தன் பையை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்தார்.

"வந்துச்சா?" என்று கேட்டேன்.

"வந்துச்சு."

"என்ன பண்ணேன்?"

நீ ஒருபோதும் இதற்குப் பதில் சொன்னதில்லை. "ஒண்ணுமில்ல, சரியாயிடுச்சு" என்பாய், பிறகு நோட்டில் எழுதுவாய். இந்த அம்மாள் சொன்னார். "உதட்டைச் சப்பினீங்க. என் பையோட ஜிப்பை இழுத்து இழுத்து மூடினீங்க. 'இன்னும் மூணு பாக்கி, இன்னும் மூணு பாக்கி'ன்னு சொன்னீங்க. ஒண்ணரை நிமிஷம். விழல." பிறகு, "அவருக்கு வரதோட பார்த்தா இது ஒண்ணுமேயில்ல" என்றார். பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகிக் கொடுத்தார்.

இரண்டரை மணிக்குக் கதவு திறந்தது. கம்பி டாக்டர் தொப்பியைக் கழற்றியபடி வந்து, "நல்லபடியா முடிஞ்சுதும்மா. பேசறார். என்னோட மேசை டிராயர் பூட்டு சரியில்லன்னு சொல்றார்" என்றார். அந்த அம்மாள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்தக் கூடம் முழுவதும் கேட்கிற குரலில் சொன்னார்:

"சார், இவங்களுக்கு ஒண்ணு வந்துச்சு. பதினொண்ணு நாப்பதுக்கு. எழுதிக்குங்க."

எனக்குத் தலை நிமிரவில்லை அக்கா. காது வரை சூடேறியது. டாக்டர் சட்டைப்பையைத் தடவினார், பேனா இல்லை. நான்தான் என்னுடையதை எடுத்துக் கொடுத்தேன்.

பூச்சி